நூற்றுப் பதினெட்டுக் குண்டூசிகள்

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் சட்டைத் தொழிற்சாலையில் வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. அதை எழுப்புகிறவர்கள் யாருமில்லை. தைத்து, இஸ்திரி போட்டு வரும் சட்டைகளில் குண்டூசியோ ஒடிந்த ஊசிமுனையோ தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருஷம் அவள் வேலை. காலருக்கு ஒரு தடவு, பைக்கு ஒரு தடவு, கைமுனைக்கு ஒரு தடவு. தையல் மெஷினில் ஓர் ஊசி ஒடிந்தால் அதன் எல்லாத் துண்டுகளும் கிடைக்கும்வரை அந்த வரிசையே நிற்கும். கடைசித் துண்டைக் கண்டுபிடிக்கிறவள் எப்போதும் அவளாகத்தான் இருப்பாள். கிடைத்ததை ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள்.

சட்டையில் இருக்கும் ஊசி சட்டையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். இந்த ஒரு விதி அவள் விரல்களில் ஊறிப்போயிருந்தது. பின்னால் நடந்த ஏடாகூடம் அத்தனைக்கும் இந்த விதிதான் காரணம் என்பதால் இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயதானபோது தொழிற்சாலையைச் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடினார்கள். நான்கு மாதம் வீட்டில் இருந்து பார்த்தாள். அலமாரியில் மடித்து வைத்திருந்ததையே எடுத்துத் திரும்ப மடித்தாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவருக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"என் சட்டைய இனிமே தடவிப் பார்த்தே, நான் லிஃப்ட்லயே குடித்தனம் பண்ணப் போயிடுவேன். எங்கயாவது வேலைக்குப் போ, தாயே."

அப்படித்தான் அவள் நகர நூலகத்தின் மாடியில் இருந்த ஆவண அறைக்கு விண்ணப்பம் போட்டாள். நகரத்து மனிதர்களின் பழைய காகிதங்களை வாங்கி, பட்டியல் போட்டு, பத்திரப்படுத்தும் இடம் அது. கடிதங்கள், பள்ளி வருகைப் பதிவேடுகள், கல்யாணப் படங்கள், போர்க்காலத்தில் விளக்கணைக்கச் சொல்லி ஒட்டிய அறிவிப்புகள், முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் வாடிக்கையாளர்களின் தலையைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகள் வரை அங்கே இருந்தன. பெரிய மனிதர்களின் சமாச்சாரம் எதுவும் கிடையாது. அதெல்லாம் தலைநகரத்தில் கண்ணாடிக்குள் இருக்கும்.

அந்த அறையின் காப்பாளர் நாற்பது வயதுக்காரர். மெதுவாகப் பேசுவார். ஈரம் என்ற ஒன்றைத் தவிர உலகில் வேறு எதற்கும் பயப்படாதவர். நேர்காணலில் அவளிடம் கேட்டார்:

"பழைய காகிதத்தப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணும்?"

"தூசி சார்," என்றாள் அவள்.

முந்தைய ஐந்து பேரும் வரலாறு, பாரம்பரியம், பொக்கிஷம் என்று அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்குத்தான் வேலை கிடைத்தது.

இருபத்தேழு படி ஏறினால் அறை. இரும்பு அடுக்குகள், சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள், காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நாளெல்லாம் உறுமும் ஒரு மெஷின். அது உறிஞ்சும் தண்ணீர் ஒரு வாளியில் சேரும். காலையிலும் மாலையிலும் அதைக் கொட்டுவது அவள் வேலை. தெருவைப் பார்த்தபடி ஒரு பெரிய ஜன்னல். கீழே பஸ் நிறுத்தம். வேலை சேர்ந்த ஒரு வாரத்திலேயே அந்த அறை அவளுக்குப் பிடித்துப்போனது. சட்டை எல்லாம் ஒன்று மாதிரி இருக்கும். காகிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது.

"நான் ஆளுங்கள மேல ஏத்தி இறக்குறேன். நீ பெட்டிய மேல ஏத்தி இறக்குற," என்றார் கணவர். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முதுகுவலித் தைலம் வாங்கினாப் போதும்."

இரண்டாம் வருஷம் ஒரு தோல் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் ஒரு கணித ஆசிரியை. பெட்டி அவருடைய அத்தைக்குச் சொந்தம். போர்க்காலத்தில், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளையும் தொலைத்த பிள்ளைகளையும் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் சேர்த்து வைத்திருந்தபோது, அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரனாக இருந்தவர் அந்த அத்தை.

"அத்தை தவறி ஒன்பது வருஷமாச்சு. கட்டிலுக்கு அடியிலயே கிடந்தது," என்றார் ஆசிரியை. "நான் திறந்துகூடப் பார்க்கல. பார்த்தா தூக்கம் வராதுன்னு ஒரு பயம்."

அந்த நேரம் பார்த்துக் காப்பாளர் மூன்று வாரப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். பெட்டிக்குள் அஞ்சலட்டையில் பாதி அளவுக்குச் சீட்டுகள், கற்றை கற்றையாக இருந்தன. ஒவ்வொரு சீட்டும் ஒரு பிள்ளை. பையன்களுக்கு ஒரு வரிசை எண், பெண்பிள்ளைகளுக்கு வேறு வரிசை எண். உத்தேச வயது, போட்டிருந்த உடுப்பு, உடம்பில் அடையாளம், கடைசியில் எந்தக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது என்ற விவரம். அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஈரத்தில் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல்லாக இறுகிப்போயிருந்தது.

தொலைபேசியில் காப்பாளர் சொன்னார்:

"நோட்டத் தொடாதீங்கக்கா, பிரிக்கிறதுக்குப் பழைய காகிதம் சரிபண்ற பட்டறைக்கு அனுப்பிடலாம். சீட்டுல துருப்பிடிச்ச ஊசி, கிளிப் இருந்தா எடுத்துருங்க. துரு காகிதத்தத் தின்னுடும்."

இதைச் சொல்ல வேண்டுமா அவளிடம்? ஊசியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சீட்டுகளில் பாதிக்கு மேல் இரண்டு இரண்டாக, சில மூன்றாக, குண்டூசியில் குத்தப்பட்டிருந்தன. ஒரு மேட்ரனுக்குச் சீட்டை வரிசையாக வைக்கத் தெரியாதா, பையனையும் பெண்ணையும் இப்படிக் கலந்து வைத்திருக்கிறாரே என்று மனசுக்குள் கொஞ்சம் குறைகூடப் பட்டுக்கொண்டாள். ஒவ்வோர் ஊசியாக, காகிதம் கிழியாமல் உருவினாள். பையன்களை ஒரு பெட்டியில் ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை அடுக்கினாள். பெண்களை வேறு பெட்டியில் ஒன்றிலிருந்து நூற்று எண்பத்தேழு வரை. ஒரு சீட்டு முனை மடங்கவில்லை. உருவிய ஊசிகளைப் பழைய பழக்கத்தில் எண்ணி, ஜாம் பாட்டிலில் போட்டு, மேலே எழுதி ஒட்டினாள்: நூற்றுப் பதினெட்டு.

காப்பாளர் திரும்பி வந்து பார்த்துவிட்டு அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாத குறைதான். நகரசபைக் குழு பார்வையிட வந்தபோது அந்த இரண்டு பெட்டிகளைத்தான் திறந்து காட்டினார்.

ஏழு மாதம் கழித்து ஒரு மழைநாளில் பஸ் டிரைவர் ஒருவர் படியேறி வந்தார். ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. இருபத்தேழு படிக்கு மூன்று இடத்தில் நின்று வந்தார். மூச்சு வாங்கி முடிந்ததும், பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து வைத்தார். அவரை வளர்த்தவர்கள் கையொப்பமிட்டுப் பிள்ளையைப் பெற்றுக்கொண்ட ரசீது. அதில் 'ஆண் 87' என்று எழுதியிருந்தது.

"என்னை வளர்த்த அம்மா சாகும்போதுதான் இதைக் கொடுத்தாங்க," என்றார். "அதுவரைக்கும் நான் அவங்க பெத்த புள்ளைன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஆனா சின்ன வயசுலேர்ந்து ஒண்ணு ஞாபகத்துல வந்துட்டே இருக்கும். யாரோ பின்னாலேர்ந்து என் சட்டைக் காலரப் பிடிச்சிட்டு நடக்கிற மாதிரி. பெரிய கை இல்ல. சின்னக் கை. எனக்கு யாரோ கூட இருந்திருக்காங்க."

ஊசியக்கா சீட்டை அரை நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். அந்த வேகத்தில் அவளுக்கு ஒரு பெருமைகூட வந்தது. சீட்டில் இப்படி இருந்தது: 'ஆண் 87. இரண்டரை வயது இருக்கலாம். நீலச் சட்டை. இடது காதின் பின்புறம் மச்சம். பெயர் சொல்லத் தெரியவில்லை. அக்கா என்ற ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறான்.'

டிரைவர் அந்தக் கடைசி வரியை விரலால் தொடாமல், விரலை அதன் மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு கேட்டார்:

"எந்த அக்கான்னு இருக்காம்மா?"

இல்லை. பெண்களின் பெட்டியைத் தலைகீழாகத் தேடியும் நீலச் சட்டைத் தம்பியைப் பற்றி எந்தச் சீட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. "அடிக்கடி வந்து பார்த்துட்டுப் போறேன்," என்று அவர் போனார். அதன் பிறகு வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை வந்தார். உட்காருவார், தண்ணீர் குடிப்பார், 'இல்லை' என்று கேட்டுக்கொண்டு இறங்கிப் போவார்.

ஐந்தாம் வாரம், பட்டறையிலிருந்து நோட்டுப் புத்தகம் திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயவைத்திருந்தார்கள். காப்பாளர் கீழே நூலகத்தில் கூட்டத்தில் இருந்தார். ஊசியக்கா தனியாக உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். மேட்ரனின் கையெழுத்து குண்டு குண்டாக, சண்டைக்கு வருவதுபோல் அழுத்தமாக இருந்தது.

'எனக்குப் பின் இதைப் பார்ப்பவருக்கு. ஆண்பிள்ளைகள் விடுதியும் பெண்பிள்ளைகள் விடுதியும் வேறு வேறு என்பதால் எண்களும் வேறு. ஒன்றாக வந்து சேர்ந்த உடன்பிறப்புகளின் சீட்டுகளை ஒரே குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறேன். அவர்களில் பலரை ஒரே வீட்டுக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. ஒருவரைத் தேடி யாராவது வந்தால் மற்றவரும் கூடவே கைக்கு வரட்டும். தயவு செய்து ஊசியை எடுக்க வேண்டாம்.'

அவள் எழுந்து போய் வாளித் தண்ணீரைக் கொட்டினாள். கொட்டுவதற்கு அதில் தண்ணீரே இல்லை. திரும்பி வந்து அதே வரிகளைப் படித்தாள். வரிகள் மாறவில்லை. ஜாம் பாட்டில் அலமாரியில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள். போர் பிரித்தது போக மிச்சமிருந்ததை அவள் உட்கார்ந்து, ஒரு முனைகூட மடங்காமல், பிரித்து வைத்திருக்கிறாள்.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. கணவர் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினார். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"பெட்டிய முதல்ல திறந்தது நீதானே? அந்த டீச்சரும் பார்க்கல, உங்க சாரும் பார்க்கல."

"ஆமா."

"அப்ப ஊசியெல்லாம் ஏற்கெனவே கழண்டு கிடந்துச்சுன்னு சொன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க."

"உனக்குத் தெரிஞ்சா பரவாயில்லைன்னு விட்டுட முடியாதா?"

 நல்ல மனிதர்தான், மனைவிக்கு இன்னொரு வேலை போய்விடக் கூடாது என்ற பயம் அவரை அப்படிப் பேச வைத்தது. வேலை தற்காலிகம். ஒரு காகிதம் அடித்தால் போதும், அவள் மறுபடி அலமாரித் துணியை மடிக்கப் போகலாம்.

இரண்டு நாள் மென்று விழுங்கினாள். நமக்கெல்லாம் தப்பை ஒப்புக்கொள்வதற்கு முன் காரணங்கள்தான் வரிசையில் வந்து நிற்கும். அவளுக்கும் வந்தன: சார்தானே எடுக்கச் சொன்னார், நோட்டு ஒட்டிக்கொண்டிருந்ததே, நான் என்ன படித்தவளா. எல்லாம் உண்மைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை டிரைவர் படியேறி வந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு 'இல்லை' என்று கேட்கக் காத்திருப்பாரே, அந்த முகத்துக்கு முன்னால் இந்தக் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

திங்கள்கிழமை காலை நோட்டைக் காப்பாளர் மேஜையில் விரித்து வைத்தாள். பக்கத்தில் ஜாம் பாட்டிலை வைத்தாள்.

"இதைப் படிங்க சார். படிச்சிட்டு என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"எடுக்கச் சொன்னது நான்," என்றார்.

"சேர்ந்திருந்தத சேர்த்தே வைக்கணும்னு எனக்குத் தோணியிருக்கணும் சார்."

"அதைச் சொல்லித்தந்திருக்க வேண்டியவன் நான். ஒண்ணா இருந்த காகிதத்த ஒண்ணாவே வைக்கணும், அதுதான் இந்த வேலையோட முதல் பாடம். உங்க கை சுத்தத்தப் பார்த்துட்டு, உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நான் நினைச்சுட்டேன்."

இரண்டு பேரும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. வேலையை விட்டு அனுப்புவதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அவர் தன் கைக்குட்டையை நீட்ட, "இதுல தூசி இருக்கு சார்," என்று சொல்லித் தன் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

டிரைவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் தண்ணீரைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். உங்கள் சீட்டோடு உங்கள் அக்காவின் சீட்டும் ஒரே ஊசியில் இருந்திருக்க வேண்டும், அதைக் கழற்றியது நான் என்று. அவர் தம்ளரைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன்," என்றார் பிறகு. "சில நாள் ஏதோ யோசனையில ஸ்டாப்ப விட்டுட்டுப் போயிடுவோம். கண்ணாடியில பார்த்தா ஜனங்க நின்னு கை காட்டிட்டிருப்பாங்க. ரிவர்ஸ்ல வர முடியாது. அடுத்த ரவுண்டுலதான் வந்து ஏத்திக்கணும். நீங்களும் அடுத்த ரவுண்டு வாங்கம்மா. நான் இங்கயேதான் நின்னுட்டிருப்பேன்."

அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அடுத்த ரவுண்டு எப்படி வருவது என்றே யோசித்தாள். மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று மண்டையில் உறைத்தது. ஊசியை எடுத்துவிட்டாள், சரி. ஊசி போன தடத்தை யார் எடுத்தார்கள்?

துணியில் குண்டூசி எப்படிப் போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஓர் இடத்தில் உள்ளே இறங்கும், இன்னோர் இடத்தில் வெளியே வரும். ஆக இரண்டு துளை. சேர்த்துக் குத்திய இரண்டு சீட்டிலும் அந்த இரண்டு துளையும் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தாக வேண்டும். போதாததற்கு அறுபது வருஷத் துரு. மேலே இருந்த சீட்டின் முகத்தில் ஊசித் தலை உருண்டையாகக் கறை வைத்திருக்கும். அடியில் இருந்த சீட்டின் முதுகில் ஊசி படுத்திருந்த இடம் கோடாக விழுந்திருக்கும்.

வாயில் நுரையோடு அவள் இதை விளக்க, கணவர் கேட்டுக்கொண்டார்.

"எத்தனை சீட்டு?"

"பொம்பளப் புள்ளைங்க மட்டும் நூத்தி எண்பத்தேழு."

"வாயக் கொப்புளிச்சிட்டுக் கிளம்பு. சாப்பாடு நான் கட்டித் தரேன்."

டிரைவரின் சீட்டு முதுகில் கோடு இருந்தது. அப்படியென்றால் அவர் அடியில் இருந்தவர், அக்கா மேலே. தலைக் கறை உள்ள பெண் சீட்டுகளை மட்டும் பிரித்தாள். ஐம்பத்திரண்டு தேறின. கண்ணாடித்தாள் ஒன்றில் டிரைவர் சீட்டின் இரண்டு துளைகளையும் பேனாவால் புள்ளி வைத்து, ஒவ்வொரு சீட்டின் மேலும் வைத்துப் பார்த்தாள். மேட்ரனுக்குச் சீட்டை எல்லாம் இடது மேல் மூலையில் குத்தும் பழக்கம். அதனால் ஒன்றுக்கொன்று மயிரிழைதான் வித்தியாசம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். சந்தேகம் வந்ததை எல்லாம் காப்பாளர் பூதக்கண்ணாடியோடு பார்த்தார். ஐந்தாம் நாள் பதினொன்று மிஞ்சின. எட்டாம் நாள் மூன்று.

ஒன்பதாம் நாள் காலை வெயில் நன்றாக அடித்தது. ஊசியக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். முதல் சீட்டை டிரைவரின் சீட்டு மேல் ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். ஒரு துளையில் வெளிச்சம் வந்தது, இன்னொன்றில் வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வைத்தாள். மேல் துளையில் ஒரு பொட்டு வெளிச்சம். கீழ்த் துளையிலும் ஒரு பொட்டு வெளிச்சம்.

"சார்," என்று கூப்பிட்டாள். சீட்டை அசைக்காமல் மறுபடி கூப்பிட்டாள்.

அவர் வந்து பார்த்தார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது. "ஈரம் படுது சார், தள்ளி நில்லுங்க," என்றாள் அவள். அவரிடமே.

அந்தச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'பெண் 41. ஐந்து வயது. பேசுவதில்லை. காது கேட்கிறது. ஒப்படைத்தது: பாலத்துக்கு அந்தப் பக்கம், ரொட்டிக்கடைக்காரர் வீடு.'

பேசாத பிள்ளை தம்பியைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்? அந்த ஊசி ஒன்றுதான் அதன் வாயாக இருந்திருக்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்கடை இன்னும் இருந்தது. காப்பாளர் போன் செய்தார். எடுத்தவரிடம், ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் எடுத்து வளர்த்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல், "நான்தான் அது, என்ன விஷயம்?" என்றது. அதன் பிறகு பதினைந்து நிமிஷம் காப்பாளருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. பெண் 41 பேச ஆரம்பித்து அறுபது வருஷம் ஆகியிருந்தது. இடையில் நிறுத்தவில்லை போலிருந்தது.

காப்பாளர் அவசரப்படவில்லை. துளை பொருந்துவது காகிதத்துக்குத்தான் சாட்சி, ரத்தத்துக்கு இல்லை என்று சொல்லி, இரண்டு பேரையும் மருத்துவமனையில் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் ஊசியக்கா ஊசிமேல் நின்றாள் என்று எழுதினால் என்னை அடிக்க வருவாள், அதனால் எழுதவில்லை. டிரைவர் செவ்வாய்க்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார்.

"போய்ப் பார்த்தீங்களா ஐயா அவங்கள?" என்று ஒருமுறை கேட்டாள்.

"பார்க்கிறதென்ன, பதினோரு வருஷம் அந்த ரூட்லதான் ஓட்டினேன். பஸ்ஸக் கடை வாசல்ல நிறுத்தாதேன்னு அவங்க என்னைத் திட்டாத நாள் இல்ல. நானும் விட்டு வைக்கல." அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காலர் விஷயத்த மட்டும் சொல்லலம்மா. சொல்லிட்டா, வேணும்னே பிடிப்பாங்க. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

முடிவு வந்தது. உடன்பிறந்தவர்கள்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ரொட்டிக்கடையம்மாவின் குரல் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும்போதே அறைக்கு வந்துவிட்டது. இத்தனை படி எதுக்கு, வயசானவங்க வரக்கூடாதுன்னே கட்டினாங்களா, ஏன்டா நீ முட்டிக்கு டாக்டரப் பார்த்தியா. டிரைவர் 'உம்' கொட்டிக்கொண்டே ஏறி வந்தார். மேஜைமேல் இரண்டு சீட்டையும் அருகருகே வைத்திருந்தார்கள். ரொட்டிக்கடையம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். 'பேசுவதில்லை' என்ற இடத்தில் பேச்சு நின்றது. 

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல," என்றார் கடைசியில், சின்னக் குரலில். "இவன் இருந்ததுகூட ஞாபகம் இல்ல. எப்படி மறந்தேன்?"

"அஞ்சு வயசுதானே அக்கா," என்றார் டிரைவர்.

"இதை ஏன் தனித்தனியா வச்சிருக்கீங்க?" ரொட்டிக்கடையம்மா நிமிர்ந்து கேட்டார். "ஒண்ணா இருந்துச்சுன்னு சொன்னீங்களே. திரும்பக் குத்தி வைங்க."

காப்பாளர் சங்கடப்பட்டார். இரும்பு ஊசி இனிமேல் கூடாது, துரு காகிதத்தைத் தின்றுவிடும் என்று விளக்கினார். ஊசியக்கா எழுந்து தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தாள். அதில் வெள்ளைப் பருத்தி நூலும் மெல்லிய தையல் ஊசியும் இருந்தன. சாயம் போகாத, காகிதத்துக்கு ஆகாதது எதுவும் கலக்காத நூலாக இரண்டு நாள் அலைந்து அவளே வாங்கியது.

"ஊசி உள்ள போயிட்டு வெளிய வந்துடும் சார். நூல் மட்டும்தான் இருக்கும். புதுசா ஒரு ஓட்டைகூடப் போட மாட்டேன்."

காப்பாளர் தலையசைத்தார். அக்காவை மேலே, தம்பியை அடியில் வைத்து, பழைய துளையில் ஊசியை இறக்கினாள். அடுத்த துளையில் வெளியே எடுத்தாள். இருபத்திரண்டு வருஷம் ஊசியை வெளியே எடுத்த விரல்கள் முதன்முறையாக ஊசியை உள்ளே விட்டன. நூலை இழுத்து முனைகளை நீட்டினாள். முடிச்சை ரொட்டிக்கடையம்மா போட்டார், கடையில் ரொட்டிப் பொட்டலம் கட்டுகிற அதே முடிச்சு.

பட்டியல் அட்டையில் காப்பாளர் எழுதப் போனார். ஊசியக்கா சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தையை மட்டும் தானாகச் சேர்த்து எழுதினார்: 'உடன்பிறப்புகளின் சீட்டுகளை இந்த அறையின் உதவியாளர் தவறுதலாகப் பிரித்துவிட்டார். துளைகளைக் கொண்டு அவரே திரும்பச் சேர்த்து வருகிறார்.' தவறுதலாக என்ற வார்த்தை வேண்டாமே என்றாள். அது இருக்கட்டும் என்றார் அவர்.

இரண்டு பேரும் விடைபெற்றுக் கிளம்பினார்கள். ஊசியக்கா படியின் மேல் நின்று பார்த்தாள். டிரைவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக முன்னால் இறங்கினார். பின்னால் அக்கா. பேச்சு மறுபடி ஆரம்பித்திருந்தது, மாவு விலையோ மருமகளோ ஏதோ ஒன்று. அந்தப் பேச்சுக்கு நடுவே, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், அக்காவின் வலது கை தானாக முன்னால் போய்த் தம்பியின் சட்டைக் காலரைப் பின்புறமாகப் பிடித்துக்கொண்டது. டிரைவர் ஒரு படியில் நின்றுவிட்டார். திரும்பவில்லை.

"ஏன்டா நின்னுட்டே?"

"ஒண்ணுமில்லக்கா. இறங்கலாம்."

ஊசியக்கா அறைக்குத் திரும்பி, ஜாம் பாட்டிலிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துப் பக்கத்தில் இருந்த காலி பாட்டிலில் போட்டாள். பழைய பாட்டிலின் மேல் இருந்த எண்ணை அடித்துவிட்டு, நூற்றுப் பதினேழு என்று எழுதினாள். வெயில் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். ஆண் பெட்டியைத் திறந்து எண்பத்தெட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.